பத்து நாள் திறக்காத ஆப்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் பேட்டரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட நாலு வயது மூத்தவர்கள் உட்பட. செல்போன் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. போனின் சார்ஜ் சீக்கிரம் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி செய்வது வேறு கட்டடம், வேறு ஆட்கள். போனை உள்ளிருந்து நடத்தும் மென்பொருளில் எது எப்போது விழித்திருக்கலாம், எது எப்போது தூங்கியாக வேண்டும் என்று விதி எழுதுகிறவள் இவள்.

இந்த வித்தியாசம் உறவுக்காரர்கள் மண்டையில் ஏறவே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது ஒரு போனை நீட்டிவிடுவார்கள். நாலு மணிக்கே செத்துப்போகிறது, கொஞ்சம் பார் என்பார்கள். ஊர் போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றுகிறாய், உனக்கு யார் ஏற்றுவது என்ற நகைச்சுவையை இதுவரை பதினோரு பேராவது சொல்லியிருப்பார்கள், ஒவ்வொருவரும் தாம்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி. முதல் இரண்டு வருடம் சிரித்தாள். அப்புறம் புன்னகைத்தாள். இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

திரை அணைந்தால் போன் தூங்கிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் குழந்தை மாதிரி, தூங்குவதாக நடிக்கிறது. உள்ளே நூறு ஆப்கள். ஒன்று செய்தி வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும், இன்னொன்று மழை வருமா என்று கேட்கும், மூன்றாவது காரணமே இல்லாமல் எழுந்து எழுந்து உட்காரும். ஒவ்வொரு தடவையும் போன் முழுசாக விழித்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவளுடைய குழுவின் சோதனை அறையில், பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு கம்பிகளைச் செருகிய போன்கள் வரிசையாகக் கிடக்கும். கம்பிகளின் மறுமுனையில் மீட்டர். மீட்டரின் திரையில் ஒரு கோடு ஓடும். தூக்கமென்றால் கோடு தரையோடு படுத்திருக்கும், விழிப்பென்றால் முள்ளாக எழும்பும். அந்த அறையைக் கவனித்துக்கொண்டவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். அவளுக்கு மட்டும் சில நாள், அலுவலகத்தில் மனசு விட்டுப் பேசக்கூடிய ஒரே ஆள்.

அந்த வருடம் புது போனுக்கு ஒரு விளம்பரம் முடிவாகியிருந்தது: இரண்டு நாள் தாங்கும். விளம்பரம் முதலில் முடிவாகிவிட்டது, போன் அப்புறம்தான் தாங்க வேண்டியிருந்தது. சோதனையில் ஒன்றேமுக்கால் நாளைத் தாண்ட மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. அதற்காக அவள் எழுதியதுதான் பதினாலாம் விதி. ஒரு ஆப்பைச் சொந்தக்காரர் பத்து நாளாகக் கையால் திறக்கவே இல்லை, ஆனால் அது மட்டும் அடிக்கடி போனை எழுப்பிக்கொண்டிருக்கிறது என்றால், அதை ஆழ்ந்த தூக்கத்தில் போட்டுவிடு. மறுபடி கையால் திறக்கும்வரை அது எழவே கூடாது. எல்லோருக்கும் தெரிந்த நாற்பது ஆப்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த நாற்பதில் இல்லாத ஆப்பைத் தூங்கப் போடும் முன் சொந்தக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவளே எழுதிவைத்திருந்தாள். அதைப் பற்றிப் பேசக் கூடிய மீட்டிங் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் அவளைவிடச் சின்னவர், நல்ல மனிதர், நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி சட்டைப்பையில் வைத்திருப்பவர். கேள்வி கேட்டால் ஆட்கள் எரிச்சல்படுகிறார்கள், கேட்காமல் விட்டுவிடலாமா என்றார் அவர். அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் அரை மணி நேரம் பேச வேண்டும், வீட்டுக்குப் போகும் ஐந்தேகால் கம்பெனி வேன் போய்விடும். கால் வீங்கியிருந்தது. "சரி" என்றாள். அவ்வளவுதான். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

விதி புது போனோடும், அப்டேட்டாகக் கம்பெனியின் பழைய போன்களுக்கும் வெளியே போனது. போன் இரண்டு நாள் தாங்கியது. கேக் வெட்டினார்கள்.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு ஒரே தங்கை. வயது முப்பத்தெட்டு, முன்தலையில் நரை விழுந்துவிட்டது, ஆனாலும் வீட்டில் இன்னும் குட்டிதான். குட்டி இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தனியாக இருந்தாள். அது அவள் எடுத்த முடிவு, அதைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. குழந்தைகளுக்கான ஒரு சின்ன மருத்துவமனையில் மருந்தறை அவள் பொறுப்பு. தடுப்பூசி மருந்துகள் இருக்கும் ஃப்ரிட்ஜும் அதில் அடக்கம்.

கேக் வெட்டி இரண்டு மாதம் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குட்டி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பேட்டரி அக்கா டீ கொடுத்தாள். அதைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் மருத்துவமனையை மூடிவிட்டுப் போன பிறகு மின்சாரம் போயிருக்கிறது. மாற்று மின்சாரத்துக்கு மாற வேண்டிய சுவிட்ச் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மின்சாரம் தானாகத் திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அவள் வந்தபோது ஃப்ரிட்ஜ் ஜில்லென்றிருந்தது. பத்தொன்பது குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். மத்தியானம்தான் வெப்பமானியின் பழைய பதிவைத் தட்டிப் பார்த்தாள். எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாத இடத்தில் பத்தொன்பது என்று இருந்தது. கெட்டுப்போன மருந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் பலனும் இல்லை. பத்தொன்பது பேரையும் திரும்ப வரவழைத்து மறுபடி குத்த வேண்டும். அலட்சியம் என்று எழுதி மெமோ கொடுத்துவிட்டார்கள்.

ஃப்ரிட்ஜுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கருவி உண்டு. உள்ளே சூடு ஏறினால் குட்டியின் போனில் இருக்கும் ஆப் கத்தும். மூன்று வருடத்தில் நாலு தடவை கத்தியிருக்கிறது, நாலு தடவையும் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள்.

"இந்தத் தடவை கத்தவே இல்ல. நான் சொன்னா யாரும் நம்பல" என்றாள் குட்டி.

"சைலன்ட்ல போட்டிருப்பே. சனிக்கிழமை மத்தியானம்னா நீ அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவே" என்றார் அண்ணன். திட்டவில்லை, விடைத்தாள் திருத்துகிற குரலில்தான் சொன்னார். அதுதான் அவருக்குத் தெரிந்த குரல்.

பேட்டரி அக்கா போனைக் கொடு என்று கேட்டு வாங்கினாள். ஆறு மாதத்துக்கு முன் அவளே தள்ளுபடியில் வாங்கிக் கொடுத்த, அவளுடைய கம்பெனி போன். அதன் உள்ளே எது எப்போது விழித்தது, எது எப்போது தூங்கியது என்று வரிவரியாக எழுதிவைக்கும் ஒரு பக்கம் உண்டு. அங்கே போகும் வழி கம்பெனி ஆட்களுக்கு மட்டும் தெரியும். அவள் போனாள். விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஏழு வாரத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமையில் விரல் நின்றது. ஃப்ரிட்ஜ் ஆப்பின் பெயர். பக்கத்தில் தூங்க வைக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு. அதற்குப் பக்கத்தில் பதினாலு.

கருவி சொல்வதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து எழுந்து கேட்கும் ஆப் அது. குட்டி அதைத் திறந்ததே இல்லை. எதற்குத் திறப்பாள்? கத்தாத வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம். ஏழு வாரமாக ஃப்ரிட்ஜுக்குக் காவலே இல்லாமல் இருந்திருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஆப்பை இப்போதே ஒரு தடவை திற, இனிமேல் தினமும் காலையில் ஒரு தடவை திற என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று குட்டி கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவள் இல்லை. டீயை ஆறிய பிறகு குடித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முதலில் உறுதி செய்துகொள்வோம் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள், உறுதி செய்ய இனி என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான்.

புதன்கிழமை மீட்டர்காரரிடம் போனாள். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு போனில் அதே ஆப்பை ஏற்றி, கம்பிகளை மாட்டி, தேதியைப் பத்து நாள் முன்னே தள்ளினார். இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முள். அப்புறம் கோடு தரையில் படுத்தது. எழவே இல்லை. மற்ற நாளாக இருந்தால் அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்து இருவரும் கை குலுக்கியிருப்பார்கள்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்லுவாங்க. நாம அழாத பிள்ளையத் தூக்கி வெளியில வச்சுட்டோம்" என்றார் மீட்டர்காரர். அவர் நாம் என்று சொன்னது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. விதியில் அவருக்குப் பங்கில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மேனேஜர் முழுசாகக் கேட்டார். பாதியில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். விதியை மாற்றத்தான் வேண்டும், அடுத்த அப்டேட்டில் கேள்வியைச் சேர்த்துவிடலாம் என்றார். அதில் அவர் தயங்கவே இல்லை. அடுத்த அப்டேட்டுக்கு ஆறு வாரம் இருந்தது. மருத்துவமனைக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று அவள் கேட்டபோதுதான் நாற்காலியில் சாய்ந்தார். எழுத்தில் போனால் அது சட்டப் பிரிவுக்குப் போகும், அவர்கள் வாயைத் திறக்காதே என்பார்கள், கடைசியில் கடிதமும் வராது, அவள் தலைதான் உருளும் என்று விளக்கினார். அதுவும் உண்மைதான்.

கதவுவரை வந்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆபீஸுக்கு வெளிய நீங்க யார்கிட்ட என்ன பேசுறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். மருந்தறை ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அளவுதான். ஃப்ரிட்ஜ் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க அலமாரி. மேஜை மேல் பத்தொன்பது பெயர்கள் எழுதிய தாள். ஏழு பெயர்களுக்கு எதிரே குறி போட்டிருந்தது. குட்டியின் கண்கள் சிவந்திருந்தன. ஒவ்வொரு தாயிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்றாள். ஒருத்தி அழுதாளாம். ஒருத்தி நீயெல்லாம் பிள்ளை பெற்றிருந்தால் தெரியும் என்றாளாம்.

பேட்டரி அக்கா நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"குட்டி, நீ சொன்னது நிஜம். அலாரம் அடிக்கல. போன்தான் அந்த ஆப்பத் தூங்கப் போட்டுடுச்சு. நீ பத்து நாளா அதத் திறக்கல, அதனால வேண்டாத ஆப்னு நினைச்சுடுச்சு. அப்படி நினைக்கணும்னு எழுதினது நான்தான்."

குட்டி பேனாவை மூடி வைத்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும் அண்ணி?"

"செவ்வாக்கிழமை. உன் போன வாங்கிப் பாத்தப்போ."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"அண்ணன் என்னை சைலன்ட்ல போட்டிருப்பேன்னு சொன்னப்போ நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. போன் உங்க கையிலதான் இருந்துச்சு."

"இருந்தேன்."

திட்டினால் தேவலை போலிருந்தது. குட்டி திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. ஸ்டூலைக் காலால் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினாள். "பன்னெண்டு பேர் பாக்கி இருக்காங்க. நான் நம்பர் படிக்கிறேன், நீங்க பேசுங்க. எனக்குத் தொண்டை போயிடுச்சு."

பேட்டரி அக்கா உட்கார்ந்தாள். பேசினாள். முதல் தாயிடம் விதி, விழிப்பு, தூக்கம் என்று ஏதேதோ சொல்லிக் குழப்பிவிட்டாள். இரண்டாவது ஆளிலிருந்து சுருக்கினாள்: திங்கட்கிழமை போட்ட மருந்து சூட்டில் கெட்டுப்போயிருந்தது, குழந்தைக்கு ஆபத்து இல்லை, இன்னொரு தடவை போட வேண்டும், மன்னிக்க வேண்டும். ஐந்தாவது ஆள் ஒரு தகப்பன். யாருடைய தப்பு என்று கேட்டான். அவள் குட்டியைப் பார்க்காமல், "போன்ல அலாரம் வேலை செய்யல. அந்த வேலையச் செஞ்சது நான். தப்பு என்னுது" என்றாள். அப்புறம் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டான். ஒன்பதாவது ஆள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பேட்டரி அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டாள். அதைக் கேட்கத்தானே வந்தாள். குறி போட்டு முடித்தபோது சாயங்காலம் ஆறரை. பத்தொன்பதாவது எண் எடுக்கவே இல்லை. மறுநாள் குட்டி விலாசம் விசாரித்துக்கொண்டு நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பெரிய டாக்டரை அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே பார்த்தார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். பேட்டரி அக்கா குட்டியின் போனில் அந்த வரியைக் காட்டினாள். பிறகு ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, என்ன நடந்தது என்பதைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கம்பெனி பெயரில் எழுதவில்லை, தன் பெயரில் எழுதினாள். வேலை போனால் போகட்டும் என்று நினைக்கும் அளவுக்கெல்லாம் அவளுக்குத் துணிச்சல் கிடையாது. போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேதான் எழுதினாள்.

டாக்டர் இரண்டு தடவை படித்தார். மெமோவில் இருந்து அலட்சியம் என்ற சொல்லை எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் காலையில் வந்ததும் முதல் வேலையாக வெப்பமானியின் பழைய பதிவைப் பார்த்திருந்தால் ஒரு குழந்தைக்கும் அந்த மருந்து போயிருக்காது, அதற்கு எந்தப் போனும் பொறுப்பில்லை என்றார். குட்டி வாதாடவில்லை. போனில் அலாரம் வைத்ததிலிருந்து அந்தப் பதிவைப் பார்ப்பதைத் தள்ளித் தள்ளிப் போட்டது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள். மூன்று பேருமே களைத்திருந்தார்கள். யாருக்கும் ஜெயித்த மாதிரி இல்லை.

அன்றிரவு கணவரிடமும் சொன்னாள். கணக்கு வாத்தியார்களுக்கு மன்னிப்புக் கேட்க வராது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், ஒரு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தார். குட்டிக்குப் புரிந்திருக்கும்.

பேட்டரி அக்காவுக்கும் குட்டிக்கும் இடையில் அது அவ்வளவு லேசாகச் சரியாகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. குட்டி முன்பு போலவே வந்தாள், அண்ணி என்றே கூப்பிட்டாள். ஆனால் முன்பெல்லாம் சமையலறைக்குள் வந்து பாத்திரத்தை முகர்ந்து பார்த்து வம்பு பேசுகிறவள், இப்போது முன்னறையிலேயே உட்கார்ந்தாள். மூன்று நாள் என்பது சின்னக் கணக்கு இல்லை.

அலுவலகத்தில் கேள்வியை எழுதும் வேலை தொடங்கியது. நாலு வரி எழுதினாள், நாலையும் அடித்தார்கள். நீளம் என்றார்கள், பயமுறுத்துகிறது என்றார்கள். கடைசியில் நின்றது இதுதான்: ‘இந்த ஆப்பை நீங்கள் திறப்பதில்லை, ஆனால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. நிறுத்தலாமா?’ கீழே இரண்டு பொத்தான்கள், நிறுத்து, வேண்டாம். கேள்வியைச் சேர்த்ததில் இரண்டு நாளில் மூன்று மணி நேரம் குறைந்தது. விளம்பரத்தில் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லைப் பொடி எழுத்தில் சேர்த்தார்கள். அந்த ஆறு வாரத்தில் இன்னும் எத்தனை ஆப்கள் எங்கெங்கே தூங்கிக் கிடந்தன, யார் யார் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அப்டேட் போன பிறகு வந்த முதல் கணக்கைப் பார்த்து மீட்டர்காரர் பெருமூச்சு விட்டார். கேள்வி வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு நொடிக்குள் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கியிருந்தார்கள். ஒரு நொடியில் அந்த இரண்டு வாக்கியத்தை யாராலும் படிக்க முடியாது. "நாம கேட்டோம். அவங்க பதில் சொல்லல, துரத்தி விட்டுட்டாங்க" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் குட்டியிடமிருந்து போன் வந்தது. அலுவலக நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை. தினமும் வெப்பமானியையே பார்த்து எழுதிவிடுவதால் ஆப்பைத் திறப்பது விட்டுப்போயிருந்ததாம். காலையில் வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்களாம், ஒரு குழந்தை அலறிக்கொண்டிருக்கிறதாம், அந்த நேரம் பார்த்துத் திரையில் என்னவோ கேட்டதாம். "ஏதோ ஒண்ண அமுக்கிட்டேன் அண்ணி. எதன்னு தெரியல."

ஆப்பை ஒரு தடவை திறந்துவிடு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றாள் பேட்டரி அக்கா. ஐந்தேகால் வேனை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். மருந்தறையில் குட்டி போனை நீட்டினாள். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். காலை பத்து இருபது. கேட்கப்பட்டது. பதில்: வேண்டாம்.

"சரியாத்தான் அமுக்கியிருக்கே."

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றாள் குட்டி.

ஃப்ரிட்ஜின் கதவில் கயிற்றில் கட்டிய ஒரு நோட்டு தொங்கியது. ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு எதிரே டிகிரியும் குட்டியின் சுருக்கொப்பமும். ஒரு நாள்கூட விடுபடவில்லை. பேட்டரி அக்கா பக்கங்களைப் புரட்டிவிட்டு அப்படியே விட்டாள்.

குட்டி ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மருந்துப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். காலை நீட்டி, செருப்பைக் கழற்றி, கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பேட்டரி அக்காவும் செருப்பைக் கழற்றினாள். வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டு பேருக்கும் வேலை கிடக்கிறது. எழுந்திருக்கத்தான் மனசில்லை.

"மூணு நாளு ஏன் அண்ணி சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டாள் குட்டி. குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பேட்டரி அக்கா யோசித்தாள். பயம் என்று சொல்லலாம், வெட்கம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

"அசதியா இருந்துச்சு" என்றாள். "சொன்னா, அதுக்கப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் செய்யணுமேன்னு இருந்துச்சு."

குட்டி தலையசைத்தாள். தான் வெப்பமானியைப் பார்க்காமல் தள்ளிப்போட்டதும் அதே காரணத்தால்தான் என்று சொன்னாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகவும், சமையலை அண்ணனிடம் விட்டுவிடும்படியும் சொன்னாள். அவர் சமைத்தால் வாயில் வைக்க முடியாதே என்றாள் பேட்டரி அக்கா. வைக்க வேண்டாம், நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கலாம் என்றாள் குட்டி.